பழைய இணையக் கடைக்குப் புதிய ஷாப்பிங் கார்ட்: எதைக் கொண்டு முடிவெடுப்பது?

வாசகர் கேள்வி:

“சுங்கை சிப்புட்டில் பூசைப் பொருள்கள், பித்தளை விளக்குகள், வீட்டில் அரைத்த மசாலாத் தூள், தீபாவளிப் பலகாரம் ஆகியவற்றை விற்கும் குடும்பக் கடை எங்களுடையது. 2014இல் என் அண்ணன் மகன் ஓப்பன்கார்ட் 1.5 மென்பொருளில் எங்களுக்கு ஓர் இணையக் கடையை அமைத்துக் கொடுத்தார். இப்போது அவர் சிங்கப்பூரில் வேலை செய்வதால் முன்போல் கவனிக்க முடியவில்லை. இதற்கிடையில், கடையின் நிரல் எழுதப்பட்ட பிஎச்பி மொழியின் பழைய பதிப்பை நிறுத்தப் போவதாக, தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனம் அறிவித்திருக்கிறது. கடையில் சுமார் 600 பொருள்களும் 4,000 வாடிக்கையாளர் பதிவுகளும் உள்ளன. ஒருவர் மாதச் சந்தாவுக்குக் கிடைக்கும் ஷாப்பிஃபைக்கு மாறச் சொல்கிறார். இன்னொருவர் இலவசக் கடை மென்பொருளான வூகாமர்ஸ் என்கிறார். மூன்றாமவர் 18,000 ரிங்கிட்டுக்குத் தாமே புதிதாக எழுதித் தருவதாகச் சொல்கிறார். ஷோப்பி இணையச் சந்தையில் விற்றால் போதாதா என்று என் மகன் கேட்கிறான். தீபாவளிக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது, அதற்குள் மாறிவிட ஆசைப்படுகிறேன். எதைத் தேர்ந்தெடுப்பது?”

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியிலிருந்து தொடங்குகிறேன். தயவுசெய்து தீபாவளிக்கு முன் மாறாதீர்கள். ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி வருகிற வாரங்களில், யாரும் இன்னும் பழகாத மென்பொருளை வைத்துக்கொண்டு ஆர்டர் எடுப்பது தேவையில்லாத சோதனை. தீபாவளி முடிந்து பொங்கல், தைப்பூச வியாபாரம் தொடங்குவதற்குள் ஓர் இடைவெளி கிடைக்கும், அதுவே உங்களுக்கு ஏற்ற காலம். அதுவும் தவறினால் தைப்பூசத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அதுவரை பழைய கடை ஓட வேண்டுமே என்று கேட்பீர்கள். பிஎச்பி 5.6 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பர் 31உடன் நின்றுவிட்டன, உங்கள் ஓப்பன்கார்ட் 1.5 அந்தக் காலத்து பிஎச்பியை நம்பி எழுதப்பட்டது. எனவே ஹோஸ்டிங் நிறுவனம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆயினும் சில நிறுவனங்கள், பழைய பிஎச்பி பதிப்புகளுக்கு மூன்றாம் தரப்பு வழங்கும் பாதுகாப்புத் திருத்தங்களோடு கூடிய சர்வர்களை வைத்திருக்கின்றன. உங்கள் நிறுவனத்திடம் அப்படி ஒன்று உண்டா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால், அத்தகைய வேறொரு சர்வருக்குப் பழைய கடையை உள்ளபடியே நகர்த்தி வைப்பது உங்கள் அண்ணன் மகனுக்கு ஒரு வார இறுதி வேலைதான். இது சில மாதங்களுக்கான ஏற்பாடு மட்டுமே, ஆண்டுக்கணக்கில் நீட்டிக்கக் கூடாது.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். உங்கள் கடையின் இணைய முகவரியான டொமைன் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? கடையை அமைத்தவரின் பெயரிலோ ஹோஸ்டிங் நிறுவனத்தின் பெயரிலோ டொமைன் இருப்பதைப் பல சிறு கடைகளில் பார்க்கிறேன். புதுப்பிப்பு நினைவூட்டல் யாருடைய மின்னஞ்சலுக்குப் போகிறது என்று தெரியாமலே பலர் வியாபாரம் செய்துவருகிறார்கள். உங்களுடையது டாட் காம் டாட் எம்ஒய் என்று முடிவதானால் அது எஸ்எஸ்எம் என்ற நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதிவான உங்கள் வணிகத்தின் பெயரில் இருந்தாக வேண்டும். மென்பொருளை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், டொமைன் கையைவிட்டுப் போனால் பத்தாண்டுப் பெயரே போய்விடும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

மூன்று பேரும் தத்தம் மென்பொருளின் வசதிகளைப் பட்டியலிட்டு உங்களுக்கு அனுப்பியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பட்டியல்களை ஒப்பிட்டு முடிவெடுக்க முடியாது, ஏனெனில் இன்று எல்லா மென்பொருளிலும் எல்லாம் இருப்பதாகவே எழுதுகிறார்கள், பாதி உண்மையும்கூட. என் ஆலோசனை வேறு. கடந்த ஓராண்டில் உங்களுக்கு அதிகத் தலைவலி கொடுத்த ஏழெட்டு ஆர்டர்களைப் பழைய கடையிலிருந்து தேடி எடுங்கள். ஒவ்வொரு மென்பொருளின் இலவசச் சோதனைக் கணக்கிலும் அந்த ஆர்டர்களை நீங்களே, உங்கள் கைப்பேசியிலேயே, ஒரு வாடிக்கையாளரைப் போல் போட்டுப் பாருங்கள். எது குறைந்த சிரமத்தோடு அவற்றைத் தாங்குகிறதோ அதுவே உங்கள் கடைக்கான மென்பொருள். உங்கள் சரக்கை வைத்து எந்த மாதிரி ஆர்டர்களைத் தேட வேண்டும் என்று சொல்கிறேன்.

கூச்சிங்கிலிருந்து ஒருவர் ஒரு குத்துவிளக்கும், ஒரு பெட்டி முறுக்கும், இரண்டு பாக்கெட் கற்பூரமும் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரே ஆர்டரில் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன. முதலாவது, சபா, சரவாக்குக்கான கூரியர் கட்டணம் தீபகற்பக் கட்டணத்திலிருந்து வேறுபட்டது, மென்பொருள் மாநிலத்தையோ அஞ்சல் குறியீட்டையோ பார்த்துத் தானே பிரித்தறிய வேண்டும். இரண்டாவது, முறுக்குப் பெட்டி கனம் குறைந்தது, ஆனால் இடத்தை அடைப்பது. பல கூரியர் நிறுவனங்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வரும் எண்ணை எடையாகக் கொண்டு, அது உண்மையான எடையைவிட அதிகமாக இருந்தால் அதற்கே கட்டணம் போடுகின்றன. 40, 30, 30 சென்டிமீட்டர் அட்டைப்பெட்டி ஒன்று தராசில் 3 கிலோதான் காட்டும், கட்டணமோ 7.2 கிலோவுக்கு வரும். உண்மை எடையை மட்டும் பார்க்கும் மென்பொருளாக இருந்தால், மீதி 4.2 கிலோவுக்கான பணத்தை ஒவ்வொரு பெட்டிக்கும் நீங்களே கட்டிக்கொண்டிருப்பீர்கள். பலகாரம் விற்கும் பலர் தீபாவளி முடிந்து கணக்குப் பார்க்கும்போதுதான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

மூன்றாவதுதான் முக்கியமானது. கற்பூரம் எளிதில் தீப்பற்றும் திடப்பொருள். ஆபத்தான சரக்குகளின் பட்டியலில் 2717 என்ற ஐ.நா. எண்ணோடு 4.1ஆம் பிரிவில் அது இடம்பெற்றிருக்கிறது. சாதாரணக் கூரியர் பார்சலில் விமானம் வழியாக அதை அனுப்ப முடியாது, போர்னியோவுக்குப் போகும் விரைவு பார்சல்களோ விமானத்தில்தான் போகின்றன. எனவே கூச்சிங் முகவரியைப் போட்டதும், ‘இந்தப் பொருளை இந்த இடத்துக்கு அனுப்ப இயலாது’ என்று பணம் கட்டும் முன்பே மென்பொருள் சொல்ல வேண்டும். பணத்தை வாங்கிவிட்டு, பிறகு வாட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்டுப் பாதித் தொகையைத் திருப்பி அனுப்புவதை நீங்கள் இப்போது செய்துகொண்டிருக்கிறீர்கள் என்றே ஊகிக்கிறேன். பொருளை வகைப்படுத்தி, வகைக்கும் பகுதிக்கும் ஏற்ப அனுப்பும் முறையை அடைக்கும் வசதி சில மென்பொருள்களில் உள்ளேயே இருக்கும், சிலவற்றில் மாதக் கட்டணம் கட்டிச் சேர்க்க வேண்டியிருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. விற்பனையாளரிடம் ‘ஷிப்பிங் வசதி உண்டா’ என்று கேட்டால் உண்டு என்பார். கற்பூரத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்து, மசாலாத் தூள். 250 கிராம், 500 கிராம், ஒரு கிலோ என்று ஒரே பொருளை மூன்று அளவில் விற்கிறீர்கள் அல்லவா? ஓப்பன்கார்ட்டில் அடிப்படை விலை ஒன்றைப் போட்டு, பெரிய அளவுக்கு ‘கூட்டல் இவ்வளவு’ என்று எழுதி வைப்பது வழக்கம். ஷாப்பிஃபையும் வூகாமர்சும் ஒவ்வோர் அளவுக்கும் முழு விலை, முழு எடை, தனி ஸ்டாக் என்று பதிவு செய்பவை. 250 கிராம் 8 ரிங்கிட், ஒரு கிலோவுக்குக் கூட்டல் 20 என்று இருந்ததைக் கவனமில்லாமல் நகர்த்தினால், புதிய கடையில் ஒரு கிலோ 28 ரிங்கிட்டுக்குப் பதில் 20 ரிங்கிட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடும். 600 பொருள்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பது கடினம், ஆனால் அளவு வேறுபாடு உள்ள பொருள்களையாவது முழுவதும் கண்ணால் சரிபார்த்துவிடுங்கள்.

மூன்றாவது மாதிரி ஆர்டர், தோட்டத்து முகவரி. உங்கள் வட்டாரத்தில் இன்னமும் தோட்டப் பெயரும் பிளாக் எண்ணும் மட்டுமே முகவரியாகக் கொண்ட வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். கூரியர்காரர் பார்சலைத் தோட்ட அலுவலகத்தில் வைத்துவிட்டுப் போவார், அல்லது சாலை முனையில் நின்று போன் செய்வார். ‘அலுவலகத்தில் கொடுக்கவும்’ என்று வாடிக்கையாளர் எழுதும் குறிப்பு உங்கள் திரையோடு நின்றுவிடாமல் கூரியர் சீட்டில் அச்சாக வேண்டும். இதையும் போட்டுப் பாருங்கள். அந்தச் சோதனையைக் கடையின் வைஃபையில் செய்யாமல், சிக்னல் குறைவான தோட்டத்துப் பக்கம் ஒரு நாள் போய், மொபைல் டேட்டாவில் செய்வது நல்லது. நகரும் படங்கள் நிறைந்த அழகான தீம் ஒன்றை விற்பனையாளர் காட்டுவார், அங்கே அது திறப்பதற்குள் வாங்க வந்தவர் போய்விடுவார். சிங்கப்பூர் முகவரி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே அஞ்சல் குறியீடு ஆறு இலக்கம், இங்கே ஐந்து. ஐந்து இலக்கத்துக்கு மேல் ஏற்காத படிவங்களை நம் நாட்டில் அமைக்கப்பட்ட கடைகளில் இன்னும் காண முடிகிறது.

நான்காவது, பணம் கட்டும் இடம். நம் நாட்டில் இணையக் கடைக்கு வருபவர்களில் பலர் கடன் அட்டையைத் தேடுவதில்லை. பேநெட் நடத்தும் எஃப்பிஎக்ஸ் வழியாகத் தங்கள் வங்கிக் கணக்கிலிருந்தோ, டுயிட்நவ் கியூஆர் மூலமோ, இ-வாலட் மூலமோ கட்டுகிறார்கள். வாங்குபவர் கட்டும் பணத்தைக் கடைக்குச் சேர்க்கும் ஐபே88, பில்பிளிஸ் போன்ற இடைச்சேவைகளில் நீங்கள் எதைப் பயன்படுத்துகிறீர்களோ, அதைப் புதிய மென்பொருள் நேரடியாக ஏற்கிறதா என்று பாருங்கள். ஏற்கிறது என்று எழுதியிருந்தாலும் ஒரு சோதனை செய்யுங்கள்: வங்கிப் பக்கத்தில் ஒப்புதல் கொடுத்த அந்தக் கணமே, கடைக்குத் திரும்பி வருவதற்குள், கைப்பேசியின் பிரவுசரை மூடிவிடுங்கள். பணம் போய்விட்டது, ஆர்டர் மட்டும் ‘நிலுவை’ என்று நிற்கிறதா, அல்லது சில நிமிடங்களில் தானே ‘கட்டப்பட்டது’ என்று மாறுகிறதா? இடைச்சேவையின் சர்வர் கடையின் சர்வருக்கு நேரடியாகச் செய்தி அனுப்பும்படி இணைத்திருந்தால் தானே மாறும். வாங்கியவரின் பிரவுசர் திரும்பி வருவதை மட்டும் நம்பியிருந்தால் மாறாது. தீபாவளி வாரத்தில் இப்படி நிலுவையில் நிற்கும் ஆர்டர்களை வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க உங்கள் வீட்டில் ஒருவரை உட்கார வைக்க வேண்டியிருக்கும்.

கட்டணத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எஃப்பிஎக்ஸ் வழிக் கட்டணத்தைப் பல இடைச்சேவைகள் தொகை எதுவானாலும் ஒரே அளவில் பிடிக்கின்றன. கடன் அட்டைக்கு விழுக்காட்டுக் கணக்கு. ஓர் ஆர்டருக்கு ஒரு ரிங்கிட் என்று வைத்தால், 30 ரிங்கிட் முறுக்குக்கு அது மூன்று விழுக்காட்டுக்கும் மேல், 400 ரிங்கிட் விளக்குக்குக் கால் விழுக்காடு. உங்களுடையது சிறிய ஆர்டர்கள் நிறைய வரும் கடையா, பெரிய ஆர்டர்கள் சில வரும் கடையா என்பதைப் பழைய கணக்கிலிருந்து பாருங்கள். இதற்கு மேல், தன்னுடைய சொந்தப் பணச்சேவையைப் பயன்படுத்தாத கடைகளிடம் ஷாப்பிஃபை ஒவ்வொரு விற்பனைக்கும் தனியாக ஒரு விழுக்காட்டைப் பிடிக்கிறது, அதன் அடிப்படைத் திட்டத்தில் அது 2 விழுக்காடு. மலேசிய இடைச்சேவை வழியாக மாதம் 12,000 ரிங்கிட் வசூலானால் 240 ரிங்கிட் அதற்கே போகும். மாதச் சந்தா குறைவாகத் தெரிகிறதே என்று மட்டும் பார்ப்பவர்கள் இந்த வரியைக் கவனிப்பதில்லை.

ஐந்தாவது, தமிழ் எழுத்து. விற்பனையாளர்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை, அவர்களுக்கு இது தெரிவதும் இல்லை, ஆகவே சற்று விரித்துச் சொல்கிறேன். பழைய கடையின் பொருள் பட்டியலை சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக இறக்கி எக்செல்லில் இருமுறை தட்டித் திறந்தால், பல கணினிகளில் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் புரியாத லத்தீன் குறிகளாகத் தெரியும். அதை அப்படியே சேமித்தால் தமிழ் நிரந்தரமாக அழிந்துவிடும். எக்செல்லின் தரவு இறக்குமதி வழியாக, யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையைக் குறிப்பிட்டுத் திறக்க வேண்டும், அல்லது கூகுள் ஷீட்சில் ஏற்ற வேண்டும். மூலக் கோப்பின் ஒரு நகலை எவரும் தொடாமல் தனியே வைத்திருங்கள்.

வூகாமர்ஸ் பக்கம் போனால் இன்னொரு சங்கதி உண்டு. அது வேர்ட்பிரஸ் என்ற இணையத்தள மென்பொருளின் மேல் ஓடுவது. வேர்ட்பிரஸ் பக்க முகவரிக்கு 200 குறிகள்தான் இடம் ஒதுக்கியிருக்கிறது. தமிழில் பெயர் வைத்தால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் முகவரியில் ஒன்பது குறிகளாக விரிகிறது, மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. இருபத்திரண்டு தமிழ்க் குறிகளில் இடம் தீர்ந்துவிடுவதால், ‘பித்தளைக் குத்துவிளக்கு’ என்று தொடங்கி உயரத்தை வைத்து வேறுபடும் நான்கு பொருள்களின் முகவரிகள் ஒரே இடத்தில் அறுபட்டு, எண் மட்டும் ஒட்டப்பட்டு நிற்கும். முகவரியை ரோமன் எழுத்தில் நீங்களே எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை, பெயர் தமிழிலேயே இருக்கலாம்.

பில்லையும் பாருங்கள். வாடிக்கையாளருக்குப் பிடிஎஃப் கோப்பாகப் போகும் பில்லில், ‘கொ’, ‘தே’, ‘பை’ போன்ற எழுத்துகளின் கொம்பு இடம் மாறி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வூகாமர்சுக்கான பல பில் பிளக்-இன்கள் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் நிரல்கள்) பயன்படுத்தும் டாம்பிடிஎஃப் என்ற நிரலுக்குத் தமிழ் எழுத்துகளைக் கோத்து எழுதத் தெரியாது. எம்பிடிஎஃப் என்ற நிரலைக் கொண்ட பிளக்-இன்னில் தகுந்த எழுத்துருவை வைத்தால் சரியாக வரும். தேடும் வசதியையும் ஒரு முறை சோதியுங்கள். ‘முறுக்கு’ என்று தமிழில் தட்டினாலும் ரோமன் எழுத்தில் தட்டினாலும் ஒரே பொருள் வர வேண்டும். தமிழர் அல்லாத வாடிக்கையாளர்கள் மலாயில் தேடுவார்கள், அவர்களுக்கான சொற்களைக் குறிச்சொல்லாகச் சேர்க்க இடம் இருந்தால் போதும்.

ஷோப்பியைப் பற்றி உங்கள் மகன் கேட்டது தவறான கேள்வி அல்ல. ஆயினும் அது பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கடை போடுவது போன்றது. கூட்டம் அவர்களுடையது, இடமும் அவர்களுடையது, வாடகையை ஏற்றுவதும் அவர்களே. வாங்கியவரின் தொலைபேசி எண்ணும் முகவரியும் உங்களுக்கு முழுமையாகக் கிடைப்பதில்லை, அடுத்த தீபாவளிக்கு அவரை நீங்களாகக் கூப்பிட முடியாது. உங்களிடம் 4,000 பேரின் பதிவு இருக்கிறது, பத்தாண்டு உழைப்பில் சேர்ந்தது அதுதான். ஷோப்பியில் விற்கலாம், டிக்டாக் ஷாப்பிலும் விற்கலாம். சொந்தக் கடை நடுவில் இருந்து, அந்தச் சந்தைகளின் ஸ்டாக்கும் அதனோடு சேர்ந்து தானே குறையும்படி இணைக்க முடிந்தால் சரி. கடைசி ஒரு விளக்கு மூன்று இடத்தில் விற்றுப்போகாமல் இருக்க அது தேவை.

இனி மூன்று விலைப்புள்ளிகளைப் பற்றி என் தீர்ப்பு.

18,000 ரிங்கிட்டுக்குப் புதிதாக எழுதித் தருகிறேன் என்பவரை நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். அவருடைய திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. உங்களுக்கு இப்போது வந்திருக்கும் சிக்கலே, கடையை அமைத்தவர் ஒருவர், அவர் இப்போது பக்கத்தில் இல்லை என்பதுதான். ஒருவர் மட்டுமே அறிந்த நிரலை வாங்கினால் இன்னும் ஐந்தாண்டில் இதே கடிதத்தை எழுதுவீர்கள், அப்போது சொந்த அண்ணன் மகன் என்ற உரிமையும் இருக்காது. வங்கிகளும் கூரியர்களும் தங்கள் இணைப்பு முறையை மாற்றும் ஒவ்வொரு முறையும் அவரைத் தேட வேண்டியிருக்கும்.

வூகாமர்ஸ் நல்ல மென்பொருள். இலவசமாகக் கிடைக்கிறது, தரவு முழுவதும் உங்கள் கையில் இருக்கும், கற்பூரம் போன்ற வினோதத் தேவைகளுக்கெல்லாம் ஏதாவது ஒரு பிளக்-இன் கிடைக்கும். ஆனால் வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ், தீம், ஒவ்வொரு பிளக்-இன் ஆகிய அனைத்துக்கும் அடிக்கடி புதிய பதிப்புகள் வரும், அவற்றைப் போட்டு, ஒன்றோடொன்று மோதாமல் பார்த்து, ஏதேனும் உடைந்தால் முந்தைய நிலைக்குத் திருப்ப ஆள் வேண்டும். அப்படி ஒருவரை மாதக் கட்டணத்தில், எழுத்துப்பூர்வமான உடன்பாட்டோடு வைத்துக்கொள்ள முடியுமானால் வூகாமர்ஸ் உங்களுக்குப் பொருந்தும். முடியாதென்றால் வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படித்த அளவில் அப்படிப்பட்ட ஆள் இருப்பதாகத் தெரியவில்லை, கவனிப்பாரின்றி விட்ட வேர்ட்பிரஸ் கடை உங்கள் இன்றைய ஓப்பன்கார்ட்டைவிட ஆபத்தானது.

எனவே, சர்வரையும் பதிப்புகளையும் நிறுவனமே பார்த்துக்கொள்ளும் வாடகை முறைக் கடைதான் உங்களுக்கு ஏற்றது என்பது என் கருத்து. ஷாப்பிஃபை அந்த வகையில் உறுதியானது. 2006இலிருந்து நடந்துவரும் கனடிய நிறுவனம், நாளை மூடிவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம். ஆனால் அதோடு நிறுத்தாமல், மலேசிய நிறுவனங்களான ஈசிஸ்டோர், சைட்ஜயண்ட் இரண்டின் சோதனைக் கணக்கையும் திறந்து, மேலே சொன்ன அதே ஆர்டர்களைப் போட்டுப் பாருங்கள். எஃப்பிஎக்ஸ், உள்ளூர்க் கூரியர், ஷோப்பி, லசாடா இணைப்பு ஆகியவை அவர்களுக்கு அன்றாட வியாபாரம் என்பதால், ஷாப்பிஃபையில் கூடுதல் கட்டணத்துக்குச் சேர்க்க வேண்டிய சிலவற்றை அங்கே உள்ளேயே காணலாம். எடைக்கணக்கிலும் கற்பூரச் சோதனையிலும் எது தேறுகிறது என்பதை நீங்கள்தான் போட்டுப் பார்த்து அறிய வேண்டும், நான் இங்கிருந்து பெயரைச் சொல்லிவிட்டுப் போவது நியாயமாக இருக்காது.

எதை எடுத்தாலும் கையெழுத்திடும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: ‘நான் விலகிப் போக நினைத்தால், பொருள், வாடிக்கையாளர், ஆர்டர் மூன்றையும் முழுதாக இறக்கிக்கொள்ள முடியுமா?’ பதிலை நம்பாமல், சோதனைக் கணக்கிலேயே இறக்கிப் பாருங்கள். படங்கள் வருகின்றனவா, அளவு வேறுபாடுகள் வருகின்றனவா, ஆர்டரில் எந்தப் பொருள் எத்தனை என்ற விவரம் வருகிறதா, வெறும் மொத்தத் தொகை மட்டும் வருகிறதா என்று கவனியுங்கள்.

மாறும் வேலையில் மூன்று இடங்களில் கவனம் தேவை. உங்கள் வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்கள் மறையாக்கம் செய்யப்பட்ட வடிவில் இருப்பதால், பெரும்பாலும் புதிய கடைக்கு வராது. எனவே மாறிய அன்றே ‘எங்கள் கடை புதுப்பிக்கப்பட்டுள்ளது, புதிய கடவுச்சொல் அமைத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு மின்னஞ்சல் போக வேண்டும். மோசடி மின்னஞ்சல் என்று நினைத்துவிடாதபடி, ஒரு வாரம் முன்பே முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் சொல்லி வையுங்கள். 2010ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனத்தில் கொள்ளுங்கள். விளம்பரம் வேண்டாம் என்று சொன்னவர்கள் புதிய கடையின் விளம்பரப் பட்டியலில் தவறிச் சேர்ந்துவிடக் கூடாது, இறக்குமதியின்போது அந்தக் குறி தொலைந்துபோவது சாதாரணமாக நடக்கிறது.

இரண்டாவது, பழைய முகவரிகள். கூகுளில் உங்கள் விளக்கைத் தேடுபவர் பழைய முகவரிக்குத்தான் வருவார். அதைப் புதிய முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 ஏற்பாட்டை ஒவ்வொரு பொருளுக்கும் செய்ய வேண்டும், குறைந்தது ஓராண்டாவது அதை விட்டுவைக்க வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. ஓப்பன்கார்ட்டின் முகவரிகளில் கேள்விக்குறிக்குப் பின் பொருள் எண் வரும் வகை ஒன்று உண்டு. அந்த வகையையும் திருப்பிவிட முடியுமா என்று வாடகைக் கடை நிறுவனத்திடம் குறிப்பாகக் கேளுங்கள், எல்லா இடத்திலும் முடியாது. 600க்கும் செய்ய முடியாவிட்டால், அதிகம் பார்க்கப்படும் பக்கங்களை கூகுள் சர்ச் கன்சோலிலிருந்து எடுத்து அவற்றுக்காவது செய்துவிடுங்கள்.

மூன்றாவது, டொமைனைப் புதிய இடத்துக்குத் திருப்பும் நாள். அதே டொமைனில் உங்கள் மின்னஞ்சலும் ஓடுகிறது என்றால், மின்னஞ்சலுக்கான எம்எக்ஸ் பதிவுகளை முன்கூட்டியே குறித்துவைத்துப் புதிய இடத்திலும் போட வேண்டும். இதை மறந்துவிட்டு, இரண்டு நாள் ஒரு மின்னஞ்சலும் வரவில்லையே என்று தவிப்பவர்கள் பலர். திருப்புவதற்கு முந்தைய நாளே டொமைன் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவின் காலவரம்பை 300 விநாடிக்குக் குறைத்துவைத்தால், ஏதேனும் தவறினாலும் விரைவில் பழைய நிலைக்குப் போகலாம். செவ்வாய், புதன் போன்ற ஒரு வார நாளின் காலையைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளிக்கிழமை மாலையில் மாற்றினால் உதவிக்கு ஆள் கிடைக்காது.

சட்டம் சார்ந்தவை சிறியவைதாம். இணைய வணிகத்துக்கான பயனீட்டாளர் பாதுகாப்பு விதிமுறைகளின்படி வணிகப் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், அனுப்பும் செலவு உட்பட முழு விலை ஆகியவை கடையில் தெரிய வேண்டும், எந்த மென்பொருளிலும் இதற்கு இடம் இருக்கும். இ-இன்வாய்ஸ் என்ற மின்னணு விலைப்பட்டியல் முறை 2024 ஆகஸ்ட் 1 முதல் பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாகக் கீழே வந்திருக்கிறது. உங்கள் ஆண்டு விற்பனைக்கு அது பொருந்துமா என்று கணக்காளரிடம் கேட்டுவிட்டு, பொருந்தும் என்றால் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தோடு இணையும் மென்பொருளுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

பழைய ஆர்டர்களைப் புதிய கடைக்குள் கொண்டுவர விற்பனையாளர்கள் தனிக்கட்டணம் கேட்பார்கள். பெரும்பாலும் அது வீண்செலவு. வரிக் கணக்குக்காக ஏழு ஆண்டுப் பதிவுகள் கையில் இருக்க வேண்டும் என்பது சட்டம், அதற்கு அவை எக்செல் கோப்பாகவும் பில் பிரதிகளாகவும் இரண்டு இடங்களில் பத்திரமாக இருந்தால் போதும். புதிய கடை ஒரு மாதம் சிக்கலின்றி ஓடியபின், பழைய கடையின் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் முழுதாக ஒரு முறை நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்று உங்கள் அண்ணன் மகனைக் கொண்டு சரிபார்த்த பிறகு, சர்வரில் உள்ளதை நீக்கிவிடச் சொல்லுங்கள். இனி யாரும் திருத்தம் போடாத அந்தச் சர்வரில் 4,000 பேரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் கிடக்கக் கூடாது.